அந்தக் கைரேகை யாருடையது? கட்டுமானக் களத்தில் பயிற்சி, பாதுகாப்பு, சாதி



ஒவ்வோர் ஆண்டும் அண்ணனின் நினைவு நாளில் நாம் இங்கே கூடுகிறோம். கவிதை பற்றிப் பேசியிருக்கிறோம். பஞ்சமி நிலம் பற்றிப் பேசியிருக்கிறோம். பறையிசை பற்றிப் பேசியிருக்கிறோம். அண்ணன் பார்த்த வேலையைப் பற்றி மட்டும் இதுவரை பேசவில்லை. அவர் முப்பது ஆண்டுகள் சென்ட்ரிங் வேலை பார்த்தார். பகலில் பலகை அடித்தார், இரவில் நம் சிற்றிதழுக்கு மெய்ப்புத் திருத்தினார். அந்தப் பகலைப் பற்றி இந்த ஆண்டு பேசுவது என்று முடிவு செய்தோம்.

"கட்டுமானத் தள மேலாளர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி" என்று தலைப்பைச் சொன்னதும் நண்பர்கள் சிலர் சிரித்தார்கள். "இது கம்பெனிக்காரன் பேச வேண்டிய தலைப்பு ஆயிற்றே, இலக்கிய மேடையில் இதற்கு என்ன வேலை?" என்றார்கள். அவர்களுக்குப் பதிலாக ஒரு பதிவேட்டைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறோம்.

ஒரு பதிவேடு

மூன்றாவது மாடியில் சென்ட்ரிங் பிரிக்கும்போது அண்ணன் விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அதன் பிறகு கோல் இல்லாமல் நடந்ததில்லை. இழப்பீடு கேட்டுப் போனபோது அந்த நிறுவனம் ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தது. விபத்துக்குச் சில நாள் முன்பு பாதுகாப்புப் பயிற்சி நடந்ததாம். கலந்துகொண்டவர் பட்டியலில் அண்ணன் பெயர் இருந்தது. பெயருக்கு நேரே ஒரு பெருவிரல் ரேகை.

தோழர்களே, அண்ணன் கைநாட்டு வைக்கிற ஆள் இல்லை. அவர் கையெழுத்தில் வந்த கடிதங்கள் உங்களில் பலரிடம் இன்னும் இருக்கும். இன்னொன்றும் உண்டு. அந்த ரேகை சுழி சுழியாக, தெளிவாக இருந்தது. சிமென்ட் பாலில் முப்பது ஆண்டு நனைந்த கையில் ரேகை ஏது? ரேஷன் கடை இயந்திரம் அண்ணன் விரலை ஏற்காமல் எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறது என்பதை அவர் வீட்டாரைக் கேளுங்கள்.

அது யாருடைய ரேகை என்று கடைசிவரை தெரியவில்லை. எதற்காக அது அங்கே வந்தது என்பது மட்டும் தெரியும். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. பாதுகாப்புக்காகத் தெளிவாகத் தரப்பட்ட உத்தரவைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறியதால் காயம்பட்டார் என்று நிரூபித்துவிட்டால், மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்படாத நிலையில், முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. உத்தரவு தந்ததற்குச் சாட்சி வேண்டும். பயிற்சிப் பதிவேடுதான் அந்தச் சாட்சி. உயிரைக் காக்க வேண்டிய பயிற்சி, வழக்கைக் காக்கும் காகிதமாக மாறிவிட்டது. கடைசியில் ஒரு தொகைக்குச் சமரசம் பேசினார்கள். அது ஆஸ்பத்திரிக் கடனுக்கே போதவில்லை.

எழுதத் தெரிந்த ஒரு தலித் தொழிலாளியை ஒரு பதிவேடு கைநாட்டு ஆக்குகிறது. இது இலக்கியப் பிரச்சினை இல்லை என்றால் வேறு எது இலக்கியப் பிரச்சினை?

சாதி நிற்கும் இடம்

கட்டடம் கட்டும் இடத்தில் சாதி இல்லை, வேலைதான் இருக்கிறது என்பார்கள். அம்பேத்கர் 1936இல் எழுதிய சாதி ஒழிப்பு நூலில் இதற்கு விடை வைத்திருக்கிறார். வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிறவர்களைப் பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குவது வேறு என்ற அவருடைய வாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சைட்டுக்குள் நடந்து பாருங்கள்.

அடித்தளத்துக்கு மண் வெட்டுபவர் யார்? கழிவுநீர்க் குழாய் பதிக்கப் பள்ளத்தில் இறங்குபவர் யார்? வாழ்நாள் முழுவதும் சித்தாளாகவே இருந்து, ஒரு நாளும் கையில் கரண்டியும் ரசமட்டமும் தரப்படாமல் வீட்டுக்குப் போகும் பெண்கள் யார்? ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலில் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் தம்பிகள் எந்த மக்கள்? பெயரைக் கேட்டால் சொல்வார்கள். நாம்தான் கேட்பதில்லை.

ஆள் பிடிக்கும் முறையே இதைத் தீர்மானிக்கிறது. நிறுவனம் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கிறது. அவர் உள் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கிறார். அவர் மேஸ்திரிக்குக் கொடுக்கிறார். மேஸ்திரி தன் ஊர், தன் தெரு, தன் உறவு என்று ஆள் சேர்க்கிறார். ஒவ்வொரு படியிலும் பணம் குறைகிறது, ஆபத்து கூடுகிறது. கடைசிப் படியில் நிற்பவருக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி. சாரத்தை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினால் அவருக்கு அரை நாள் கூலி போகும். அவர் கவனக்குறைவானவர் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். அரை நாள் கூலியைப் பற்றி அங்கே யாரும் பேச மாட்டார்கள்.

தலைக்கவசம் கடைசி வரிசையில்

பாதுகாப்பு என்றதும் நமக்கு மஞ்சள் ஹெல்மெட் நினைவுக்கு வருகிறது. பாதுகாப்புத் துறையின் பாடம் உண்மையில் வேறு வரிசையில் இருக்கிறது. முதலில் ஆபத்தையே நீக்க முடியுமா என்று பார். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த வேறொன்றை வை. அதுவும் முடியாவிட்டால் தடுப்பு அமை. பிறகு வேலை முறையை மாற்று. இவை எல்லாம் செய்த பிறகு, கடைசியாகத்தான் உடம்பில் மாட்டும் கவசம். ஹெல்மெட், பெல்ட், ஷூ எல்லாம் ஐந்தாவது வரிசை.

நம் சைட்டுகளில் ஐந்தாவதுதான் முதலாவது. முதல் நான்கும் முதலாளியின் பணத்தில் நடக்க வேண்டியவை. ஐந்தாவதைத் தொழிலாளியின் தலையில் வைத்துவிடலாம். பெல்ட் கொடுப்பார்கள், அதன் கொக்கியை மாட்ட ஓர் இடம் இருக்காது. "பெல்ட் போட்டிருந்தாயா?" என்று விழுந்தவரைக் கேட்பார்கள். "எங்கே மாட்டச் சொன்னீர்கள்?" என்று மேலாளரைக் கேட்க ஆள் இல்லை. மாடி விளிம்பில் கைப்பிடித் தடுப்பு இருந்திருந்தால், லிஃப்ட் குழியைப் பலகை போட்டு மூடியிருந்தால், பெல்ட் பற்றிய கேள்வியே பல இடங்களில் வராது.

அண்ணன் செய்த சென்ட்ரிங் வேலையையே எடுத்துக்கொள்வோம். காங்கிரீட் போட்ட பிறகு முட்டுகளை எப்போது எடுக்கலாம் என்பதற்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை கணக்குச் சொல்கிறது. சாதாரண சிமென்ட் என்றால், நாலரை மீட்டர் வரை நீளமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். ஆறு மீட்டர் வரையிலான உத்தரத்துக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். எந்த சிவில் மாணவரும் தேர்வில் எழுதும் விடை இது. ஆனால் ஷீட்டும் முட்டும் நாள் வாடகை. அடுத்த மாடிக்கு அவை வேண்டும். "நாளைக்குப் பிரிச்சிடு" என்று போனில் உத்தரவு வருகிறது. சொன்னவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

உடனே கொல்வதைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் சொன்னதாகும். மெதுவாகக் கொல்வதும் இருக்கிறது. டைல்ஸையும் கிரானைட்டையும் காய்ந்த நிலையில் அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து மூச்சை அடைக்கும். தண்ணீர் விட்டு அறுத்தால் பெருமளவு குறையும். ஒரு குழாயும் ஒரு வாளித் தண்ணீரும்தான் செலவு. ஈரச் சிமென்ட் காரத்தன்மை கொண்டது, தோலை அரிக்கும், புண்ணாக்கும். கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வெயிலில் கல் சுமக்கும் நம் அக்காள் தங்கைகளுக்கு நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. இது விபத்துக் கணக்கில் வராது. ஒரு கதவும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை பாதுகாப்புக் கருவி என்று எந்தப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள்?

தொட்டிக்குள் இறங்குபவர்

மலக்குழி மரணங்களை எதிர்த்து நாம் நெடுங்காலமாகப் போராடி வருகிறோம். 2013இல் சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் இழப்பீடு என்றது, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அதே மரணத்தின் இன்னொரு வடிவம் கட்டுமான இடத்தில் இருக்கிறது. அதை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை.

புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி, புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்க். மேல்தளம் போட்டு, ஓர் ஆள் நுழையும் வாய் மட்டும் விட்டு மூடியிருப்பார்கள். உள்ளே சென்ட்ரிங் பலகை, தேங்கிய தண்ணீர். வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஊறிய மரமும் அழுக்கு நீரில் வளரும் நுண்ணுயிர்களும் உள்ளேயிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே ஆபத்து என்று கணக்கு. மிகவும் குறைந்துவிட்டால் இறங்கியவர் கூப்பிடக்கூட நேரம் இருக்காது. நாற்றம் இல்லை, புகை இல்லை, எச்சரிக்கை இல்லை. "புது டேங்க்தானே, இன்னும் யாரும் பயன்படுத்தவே இல்லையே" என்று நம்பி இறங்குகிறார். மயங்கி விழுகிறார். தூக்க இறங்கிய தம்பியும் விழுகிறார். மூன்றாவதாக மேஸ்திரி. பலகை பிரிக்கப் போன இடத்தில் ஒரே குடும்பத்தில் இரண்டு பிணம் எடுக்கிறார்கள்.

இது சுத்தம் செய்யும் வேலை அல்ல, சென்ட்ரிங் பிரிக்கும் வேலை. அதனால் மலக்குழி மரணக் கணக்கிலிருந்து எளிதாக விடுபட்டுப்போகிறது. ஆனால் வாயைத் திறந்து, காற்றுப் பாய்ச்சி, கருவி வைத்து அளந்து பார்த்து, மேலே ஒருவர் கயிற்றோடு நின்ற பிறகுதான் ஆள் இறங்க வேண்டும் என்பது அதே பாடம்தான். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், காற்றுக் கருவி இல்லாமல் அடுத்தவர் இறங்கக் கூடாது என்பதும் அதே பாடம். இந்தப் பாடத்தை முதலில் படிக்க வேண்டியவர் இறங்கச் சொல்கிறவர். இறங்குகிறவர் அதற்குப் பிறகுதான்.

சைட் மேனேஜர் யார்?

சில காலம் முன்பு ஒரு கட்டுமான நிறுவனம் தன் மேலாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தியது. அதில் ஒரு மணி நேரம் பேச எங்களை அழைத்தார்கள். போகலாமா, வேண்டாமா என்று எங்களுக்குள் சண்டையே நடந்தது. "நாம் போனால் அவர்களுக்கு நல்ல பெயர் கிடைக்கும், அவ்வளவுதான்" என்று ஒரு தோழர் சொன்னார். அவர் சொன்னது தவறில்லை. ஆனாலும் போனோம்.

குளிரூட்டிய அறை. திரையில் படங்கள். நாங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டோம். "உங்கள் சைட்டில் கடைசியாகத் தொட்டிக்குள் இறங்கியவர் பெயர் என்ன?" எத்தனை மூட்டை சிமென்ட் இறங்கியது என்று அவர்களுக்குத் தெரியும். எத்தனை டன் கம்பி மீதம் என்று தெரியும். பெயர் யாருக்கும் தெரியவில்லை. "லேபர்" என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலை குனிந்தார்கள்.

தேநீர் இடைவேளையில் ஓர் இளைஞர் தனியாக வந்தார். பட்டயப்படிப்பு முடித்து நாலைந்து ஆண்டு வேலை பார்ப்பவர். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அண்ணே, நானும் காலனிதாண்ணே" என்றார். "எங்கம்மா சித்தாளு வேலை பாத்துத்தான் என்னப் படிக்க வெச்சாங்க. எனக்கு அந்தப் பேரு தெரியும்ணே. இறங்கினது எங்க ஊரு பையன். மத்தவங்க யாரும் இறங்க மாட்டேன்னாங்க. நான் கூப்பிட்டா எங்க பையங்க மறுக்க மாட்டாங்க. அதான் என்னயச் சொல்லச் சொல்றாங்க. அத்தன பேரு முன்னாடி அதச் சொல்லியிருந்தா, நான் யாருன்னு தெரிஞ்சிருக்கும்ணே."

தோழர்களே, அன்று இரவு எங்களால் தூங்க முடியவில்லை. சாதி எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது பாருங்கள். நம் பிள்ளை படித்து மேலே வந்தால், நம் ஆட்களைக் கீழே இறக்கும் கையாக அவனையே பயன்படுத்திக்கொள்கிறது. அவனுக்கு அதிகாரம் தந்ததுபோல ஹெல்மெட்டின் நிறத்தை மட்டும் மாற்றித் தருகிறது.

இந்த அரங்கில் சிவில் படிக்கும் மாணவர்கள் இருக்கிறீர்கள். நாளை உங்களுக்கும் அந்த ஹெல்மெட் கிடைக்கும். விபத்து நடந்தால் போலீஸ் முதலில் தேடி வருவதும் பெரும்பாலும் உங்களைத்தான். மேலிருந்து நெருக்குவார்கள், கீழே சடலம் விழும், நடுவில் நீங்கள் நிற்பீர்கள். அதனால்தான் இந்தப் பயிற்சியைக் கம்பெனிக்காரன் சமாச்சாரம் என்று விட்டுவிட முடியாது என்கிறோம்.

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

கட்டுமானத் தொழிலாளர் சங்கங்கள் நாடு முழுக்கப் போராடியதால் 1996இல் மத்தியச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், 1994இல் தமிழ்நாட்டில் நல வாரியம் வந்துவிட்டது. யாரும் தானமாகத் தரவில்லை. பத்தோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் வேலை செய்யும் இடங்களுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தியது. இடைவிடாத, போதுமான மேற்பார்வைக்கு முதலாளியே பொறுப்பு என்று அது சொன்னது. ஐந்நூறு பேர் வேலை செய்தால் பாதுகாப்புக் குழு வேண்டும், அதில் தொழிலாளர் எண்ணிக்கை முதலாளி தரப்பைவிடக் குறையக் கூடாது என்றது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளுக்கு இடம் வேண்டும் என்றது.

பாதுகாப்பு விதியை மீறினால் அந்தச் சட்டத்தில் என்ன தண்டனை இருந்தது? மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு நல்ல பாதுகாப்பு பெல்ட்டின் விலையையும் இந்த அபராதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2020இல் பதின்மூன்று சட்டங்களை ஒன்றாக்கிப் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் தொழிலாளி முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம் என்று அது சொல்கிறது. வேலையை நிறுத்திவிட்டு விலகி நிற்கும் உரிமையை அது சொல்லவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1988ஆம் ஆண்டுக் கட்டுமானப் பாதுகாப்பு உடன்படிக்கை, எண் 167, அந்த உரிமையைத் தருகிறது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. "இறங்க மாட்டேன்" என்று சொன்னால் கூலி போகாது, வேலை போகாது என்ற உறுதி வேண்டும். அது இல்லாத இடத்தில் எந்தப் பயிற்சியும் அரைப் பயிற்சிதான்.

மௌலிவாக்கத்தை மறக்க முடியுமா? 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மழை. கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் அப்படியே அமர்ந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். அந்த இடத்தில் எல்லோரும் ஹெல்மெட் போட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? பாதுகாப்பு என்பது அடியில் நிற்பவரின் ஒழுக்கம் அல்ல. மேலே வரைபடம் போடும் இடத்தில், அனுமதி தரும் இடத்தில், பணம் ஒதுக்கும் இடத்தில் அது தொடங்குகிறது. 2016இல் பக்கத்துக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்ததைத் தொலைக்காட்சியில் வேடிக்கை பார்த்தோம். அந்த 61 பேரின் பெயரை ஒருமுறையாவது வாசித்தோமா?

நாம் கேட்பது

மேலாளர் பயிற்சி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உண்மையான பயிற்சி வேண்டும் என்கிறோம்.

ஒன்று, வகுப்பு தொழிலாளர் பேசும் மொழியில் நடக்க வேண்டும். தமிழில், தெலுங்கில், ஒடியாவில், இந்தியில், வங்காளத்தில். புரிந்ததா என்று அவர்களைச் செய்துகாட்டச் சொல்லி அறிய வேண்டும், கையெழுத்து வாங்கி அல்ல.

இரண்டு, மேலாளர்களுக்கு நடக்கும் வகுப்பில் பாடம் எடுப்பவர்களில் அனுபவமுள்ள தொழிலாளிகளும் இருக்க வேண்டும். சாரம் எங்கே வழுக்கும் என்று முப்பது ஆண்டு ஏறியவருக்குத் தெரியும். சித்தாள் ஒருவர் ஒரு மணி நேரம் பேசட்டும், மேலாளர்கள் குறிப்பெடுக்கட்டும்.

மூன்று, ஆபத்தான வேலைக்கு யாரை அனுப்புகிறோம், ஏன் எப்போதும் அவர்களையே அனுப்புகிறோம் என்ற கேள்வி பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும். சாதி என்ற சொல்லைச் சொல்லாமல் இந்தியாவில் பாதுகாப்புப் பாடம் நடத்த முடியாது.

நான்கு, பயிற்சிக்கு வரும் நாளுக்கு முழுக் கூலி. இல்லையென்றால் ரேகைதான் வரும், ஆள் வர மாட்டார்.

ஐந்து, பதிவேட்டில் இன்னொரு பத்தி. வேலையை நிறுத்தச் சொன்னவர் யார், தொடரச் சொன்னவர் யார், என்ன காரணம். தொழிலாளியின் கைரேகை மட்டும் போதாது. உத்தரவு போட்டவரின் கையெழுத்தும் வேண்டும்.

அந்த இளைஞர் சில மாதம் கழித்து எங்களுக்குப் போன் செய்தார். வேறொரு சைட்டில் தொட்டிக்குள் ஆள் இறக்கச் சொன்னார்களாம். காற்று ஊதும் இயந்திரம் வாடகைக்கு வரும்வரை இறக்க மாட்டேன் என்றிருக்கிறார். ஒன்றரை நாள் வேலை நின்றது. ஏச்சு வாங்கினார். "வேலைய விட்டுத் தூக்கலண்ணே, இப்போதைக்கு" என்றார். அந்த "இப்போதைக்கு" என்ற சொல்லில்தான் நம் வேலை பாக்கி இருக்கிறது. அவர் தனியாக நின்று சொன்னதை ஒரு சங்கம் பின்னால் நின்று சொல்லும்படி செய்ய வேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஊரில் கட்டடம் எழும்பும் இடத்துக்குப் போங்கள். யார் எந்த வேலை செய்கிறார் என்று கேளுங்கள். நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள், பதிந்து கொடுங்கள். இறந்தவர் பெயரை, ஊரை, செய்த வேலையை, இறங்கச் சொன்னவர் பொறுப்பை எழுதி வையுங்கள். அவர்கள் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். நாமும் ஒன்று வைத்திருக்க வேண்டும். அதை நம் இதழில் வெளியிடுவோம். அண்ணன் இருந்திருந்தால் அதற்கும் மெய்ப்புப் பார்த்திருப்பார், ஒரு பெயரிலும் ஓர் எழுத்தும் தவற விட்டிருக்க மாட்டார்.